ஆளுக்கொரு ஆட்டம்

பொற்கொடியைத் தைரியசாலி என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர் அவளோடு ஒரே அறையில் தங்கியதில்லை என்பது மட்டும் நிச்சயம். ஓசூர் பாகலூர் ரோட்டு விடுதியில் அவளோடு தங்கிய ஆறு பேருக்கும் அவள் லட்சணம் தெரியும். பல்லியைக் கண்டால் கட்டிலை விட்டு இறங்கமாட்டாள். தெருநாய் நின்றால் அரைக் கிலோமீட்டர் சுற்றிப் போவாள். போன் வந்திருக்கிறது என்று வார்டன் கூப்பிட்டாலே ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கை கால் உதறும்.

அந்த உதறலுக்குக் காரணம் இருந்தது. அவளுக்குச் சாத்தூர் பக்கம். பள்ளி விடுமுறைகளில் அவளும் அக்காவும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போவார்கள். ஒரு நாள் பக்கத்து ஷெட் வெடித்தது. பொற்கொடி வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள், அக்கா உள்ளே இருந்தாள். அக்கா பிழைத்துக்கொண்டாள், ஆனால் இரண்டு கைகளின் விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, 2004இல், ஓசூர் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்ன வேலை, என்ன சம்பளம் என்றுகூடக் கேட்காமல் ரயிலேறினாள்.

இருசக்கர வண்டிகளுக்குப் பிஸ்டன் பின் செய்யும் தொழிற்சாலை அது. பொற்கொடி பரிசோதனைப் பிரிவில் டிரெய்னி. டியூப்லைட் வெளிச்சத்தில் விரல் நீள எஃகு உருளையான ஒவ்வொரு பின்னையும் உருட்டிப் பார்த்து, தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். கீறலோடு அவள் கண்ணுக்குத் தப்பிப் போன உருளை என்று எதுவும் திரும்பி வந்ததில்லை. வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு தடவை பார்ப்பாள். ஆனால் எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும் டிரெய்னி என்றால் மூன்று வருடம்தான். அது முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். மறுநாள் அதே ஸ்டூலில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பொற்கொடிக்கு 2007 மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஊர், ஊரில் அந்த ஷெட்டுகள். வேறு எதுவும் அங்கே கிடையாது.

குத்துச்சண்டைக்கு அவள் வந்தது எடைபோடும் இயந்திரத்தின் தயவால். எல்லைப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு இடையே வருடாவருடம் நடக்கும் போட்டியில் ஒவ்வோர் அணியும் ஒரு பெண்ணையாவது இறக்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. விளையாட்டுக் கிளப்பைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்ஸ் சௌந்தரராஜன் பெண்களை எல்லாம் எடைபோட்டுப் பார்த்தார். போட்டிக்கு வைத்திருந்த நாற்பத்தெட்டுக் கிலோவுக்குள் நின்றவள் இவள் ஒருத்திதான். முதலிடம் வாங்கும் டிரெய்னியை நிரந்தரம் செய்வோம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார், முந்தின வருடம் ஒரு பையனைச் செய்தும் இருந்தார். அதைக் கேட்ட அன்று இரவெல்லாம் பொற்கொடி தூங்கவில்லை. அடிபடுவதை நினைத்தால் பயமாக இருந்தது. ஊரை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

ஆனால் கோதாவில் இறங்கியவள் ஜெயித்தாள், அதுதான் ஆச்சரியம். முதல் போட்டியில் வந்தவளுக்குக் கை நீளம். அந்தக் கையின் நுனியில் நின்றால்தான் அடி பலமாக விழும் என்று பயந்து, பொற்கொடி அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விலாவில் குத்தினாள். இரண்டாமவள் மாடு முட்டுகிற மாதிரி வந்தாள். அவள் எதிரே நிற்கவே பயந்து பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி, அவள் தாண்டிப் போகும்போதெல்லாம் காதோரம் ஒன்று வைத்தாள். மூன்றாமவள் தானாக அடிக்க மாட்டாள், எதிராளி கையை நீட்டினால் திருப்பி அடிப்பாள். பொற்கொடி கையை நீட்டவே இல்லை. நீட்டுவதுபோல் தோளை மட்டும் ஆட்டி ஆட்டி, அவளுக்கு எரிச்சல் வந்து அவளே கிளம்பி வரும்வரை காத்திருந்தாள்.

“ஆளுக்கு ஏத்த மாதிரி ஆட்டத்தை மாத்துது பாரு, மூளைக்காரப் பொண்ணு” என்று சௌந்தரராஜன் எல்லோரிடமும் பெருமையடித்தார். மூளையாவது ஒன்றாவது. அவளுக்கென்று ஓர் ஆட்டமே கிடையாது. எதிராளியின் எந்தக் கைக்கு அதிகம் பயமோ அந்தக் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து ஓடி ஒளிவாள், அவ்வளவுதான். பயந்தவள் பார்ப்பதுபோல வேறு யாரும் எதிராளியைப் பார்ப்பதில்லை.

இறுதிப் போட்டிக்கு வந்தவள் முனிலட்சுமி. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லைக்குள் இருந்த ஒரு பஞ்சாலையின் பெண். அவளுடைய போட்டிகளில் இரண்டைப் பொற்கொடி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் முனிலட்சுமி ஒட்டி நின்று அடித்தாள், இன்னொன்றில் ஒதுங்கி நின்று அடித்தாள். அவளிடம் அடிவாங்கிய பிரவீனா என்ற பெண்ணின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியபோது பொற்கொடி எழுந்து போய், தின்ற தயிர்சாதத்தையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

முதுகைத் தடவிக்கொடுத்தவள் ஜெயமணி. பேக்கிங் பிரிவில் வேலை. தொரப்பள்ளிக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். போட்டிகளில் பொற்கொடிக்குத் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, மூலையில் நிற்பவள் அவள்தான்.

“அவளுக்குன்னு ஒரு ஆட்டம் இல்லடி” என்றாள் பொற்கொடி.

“இல்லன்னா நல்லதுதானே.”

“என்னைய மாதிரிடி அவ. நான் என்ன செய்றேன்னு பாத்துட்டு, அதுக்குத் தக்கன செய்வா. அப்ப நான் எதைப் பாக்குறது?”

ஜெயமணி யோசித்தாள். “நீ பாக்கவே வாணாம். வெளிய இருந்து நான் பாத்துச் சொல்றன். தமிழ்ல கத்துனா அந்தப் பக்கத்தாளுக்குப் புரிஞ்சிடும். கன்னடம் அவங்க பாஷையே. எங்க வூட்டுல பேசுற தெலுங்குல சொல்றன், நீ நாலு வார்த்தை கத்துக்க.”

மூன்று நாள் கேன்டீன் வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு பொற்கொடி தெலுங்கு படித்தாள். எடம என்றால் இடது. குடி என்றால் வலது. லோபலிக்கு என்றால் உள்ளே போ. வெனக்கி என்றால் பின்னால் வா. முன்னால் நின்ற டர்னர் கங்கப்பன் திரும்பிப் பார்த்து, “கல்யாணம் தெலுங்கு வூட்லயா?” என்று கேட்டார். பொற்கொடிக்குச் சிரிப்புகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது மூலையிலிருந்து கத்தக்கூடாது என்பது விதி. கூட்டமே கத்திக்கொண்டிருந்ததால் நடுவர் யார் வாயையென்று மூடுவார்? இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று. மணி அடித்தது.

“எடம” என்று ஜெயமணி கத்தினாள். பொற்கொடி இடப்பக்கம் நகர்ந்தாள். முனிலட்சுமியின் கை அங்கே முன்கூட்டியே வந்து நின்றது. “லோபலிக்கு.” உள்ளே போனாள், தாடையில் விழுந்தது. “வெனக்கி.” பின்வாங்கினாள், முனிலட்சுமி கூடவே வந்து இரண்டு வைத்தாள். பொற்கொடிக்குக் காது அடைத்துக்கொண்டது. இவளுக்கு என் மனசில் இருப்பது தெரிகிறது என்று நினைத்தாள், பயத்தில் அழுகையே வந்துவிட்டது. சுற்று முடிவதற்குச் சற்று முன்புதான் ஒன்றைக் கவனித்தாள். ஜெயமணியின் குரல் எழும்போது தன் கால் நகர்வதற்கு முன்பே முனிலட்சுமியின் தோள் நகர்கிறது.

“அவளுக்குத் தெலுங்கு தெரியும்டி” என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்ததும்.

ஜெயமணி திரும்பி எதிர்மூலையைப் பார்த்தாள். அங்கே முனிலட்சுமிக்குத் தண்ணீர் கொடுத்தவள் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். ஜெயமணி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். “வேப்பனப்பள்ளித் தெலுங்கு பேசிக்கிறாங்க. முனிலட்சுமி நம்ம பக்கத்துப் பொண்ணுடி. வேலைக்குத்தான் அந்தப் பக்கம் போயிருக்குது.”

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தால் கன்னடக்காரி என்று முடிவுகட்டியது யார்? வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசி வளர்ந்த ஜெயமணியேதான். அவளைத் திட்ட இப்போது நேரம் இல்லை.

“கத்திக்கிட்டே இரு. நான் மாத்திச் செய்றேன்” என்றாள் பொற்கொடி.

இரண்டாம் சுற்றில் அது பலித்தது. எடம என்றால் வலப்பக்கம் போனாள். வெனக்கி என்றால் உள்ளே புகுந்தாள். முனிலட்சுமி தப்பான பக்கம் திரும்பித் திரும்பி அடி வாங்கினாள். ஆனால் அவளும் இவளைப் போன்றவள்தானே. மூன்றாம் சுற்று தொடங்கியதும் ஜெயமணி கத்தினாள், முனிலட்சுமியின் தோள் அசையவே இல்லை. ஜெயமணி வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். எதிராளி என்ன செய்வாள் என்று தெரியாமல் எதுவும் செய்யத் தெரியாத இரண்டு பெண்கள். கூட்டம் ஊளையிட்டது. சண்டை போடுங்கள் என்று நடுவர் இரண்டு பேரையும் எச்சரித்தார். பொற்கொடி கணக்குப் போட்டாள். இந்த ஒன்றரை நிமிடம் இப்படியே போனால் முதல் சுற்றில் வாங்கிய அடிகளுக்காகத் தோற்பாள், மார்ச்சில் ரயிலேறுவாள், ஏப்ரலில் ஷெட்டில் உட்கார்ந்திருப்பாள்.

பயத்தில் பாய்ந்து முனிலட்சுமியைக் கட்டிக்கொண்டாள். “பிரேக்” என்று சொல்லி நடுவர் விலக்கினார். விலகியதும் ஓர் அடி பின்னால் வைக்க வேண்டும், பிறகுதான் அடிக்கலாம். அந்த ஓர் அடியில் பொற்கொடி எப்போதும் மூச்சை விடுவாள். யாரும் அடிக்காத ஒரு நொடி உலகத்தில் இருக்கிறதே என்ற நிம்மதியில் தோளும் கையும் தானாகக் கீழே இறங்கும். இதுவரை எந்த எதிராளியும் அதைக் கவனித்ததில்லை. இப்போது அவள் எதிரில் பார்த்தாள். முனிலட்சுமியின் தோளும் இறங்கியிருந்தது.

மறுபடி கட்டிக்கொண்டாள். பிரேக். மறுபடி அதே தோள், அதே மூச்சு. அவளுக்கும் பயம். கொஞ்ச நஞ்சம் இல்லை, தன் அளவுக்கே பயம். மூன்றாம் தடவை பிரேக் என்றதும் பொற்கொடி ஓர் அடி பின்னால் வைத்தாள், மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டாள், இருந்த பலத்தையெல்லாம் வலது கையில் சேர்த்து அந்த முகத்தின் நடுவில் இறக்கினாள். முனிலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். நடுவர் எட்டுவரை எண்ணினார். எழுந்தவளிடம் அதன்பின் ஆட்டமே இல்லை. பொற்கொடியின் கையைத்தான் தூக்கினார்கள்.

வகுப்பறை ஒன்றை உடை மாற்ற விட்டிருந்தார்கள். முனிலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து ஈரத்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண். பதினெட்டு இருக்கும்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? பிரேக் சொன்னா நான் மூச்சு வுடுவன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

பொய் சொல்லலாமா என்று பொற்கொடி யோசித்தாள். “நானும் அங்கதாம்மா விடுவேன்.”

முனிலட்சுமி தலையாட்டினாள். கோபம் எதுவும் இல்லை. துண்டைப் பிழிந்து மறுபடி மூக்கில் வைத்தாள். “ஜெயிச்சா வேலை நிரந்தரம்னு எங்க மில்லுலயும் சொன்னாங்கக்கா. சனிக்கிழமையோட எனக்கு முடியுது. ஊருக்குப் போவணும்.”

ஊருக்கு என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிய விதம் பொற்கொடிக்கு நன்றாகத் தெரிந்த விதம்.

அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. ஜெயமணி பேக்கிங் பிரிவு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பொற்கொடி கையெழுத்துப் போட்டாள். சாத்தூருக்கு இனிப் போக வேண்டாம் என்று நினைத்து நினைத்து விடுதிக் குளியலறையில் அழுதாள். போட்டி நடந்த அன்றைக்கு அந்த வகுப்பறையில் முனிலட்சுமியின் பையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாள், பஸ் வரும்வரை நின்றாள். உன் ஊரில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.