பன்னிரண்டேகால் அலாரம்

பழைய பட்டன் போன் அது. தினமும் பகல் பன்னிரண்டேகாலுக்கு அதில் அலாரம் கத்தும். பீர்மேட்டுத் தேயிலைக் காட்டில் அதை என் சித்தியின் கையிலிருந்து பிடுங்கியவன் நான்தான்.

சித்தி இலை பறித்தாள். அதே மலையில் நான் சூப்பர்வைசர். அவளுக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய். காலையில் எல்லோரையும் முந்துவாள். பொழுது ஏற ஏற இமை தொங்கும், பேச்சு மூக்கால் வரும். "காலையில நல்லாருந்தா, இப்ப நடிக்கிறா" என்பார்கள். டிஸ்பென்சரி சிஸ்டர் என்னை வைத்துக்கொண்டேதான் அவளிடம் சொன்னார்: "சாப்பாட்டுக்கு அரை மணிக்கூர் முன்னாடி மாத்திரை போடணும் சேச்சி. நேரம் தப்பினா சோறு தொண்டையில இறங்காது." அதனால் தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

அன்று இலை எடை போடும் நேரம். மாத்திரைப் பை கீழே ஷெட்டில் இருந்தது. அலாரம் அடித்ததும் சித்தி வரிசையை விட்டு நகர்ந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி, "சித்தின்னா சூப்பர்வைசர் சாருக்குக் கண்ணு தெரியாதுல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். எடை முடியட்டும்."

"மாத்திரைய்யா..."

"எடை முடியட்டும்னு சொன்னேன்ல?"

அப்படி ஒரு சட்டமும் இல்லை. என் பேர் கெட்டுவிடுமோ என்ற பயம்தான். எடை முடிய ஒன்றேகால் ஆனது. இடைவேளையில் கொஞ்ச நேரமே மிச்சம். மாத்திரையைப் போட்ட கையோடு சோற்றை வாயில் வைத்தாள். புரையேறியது. இருமக்கூட அவளுக்கு வலுவில்லை. உதடு நீலமாவதைப் பார்த்தேன். ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பல நாள் குழாய் வழியாகத்தான் மூச்சு.

பிழைத்து வந்தவளை சிஸ்டர் திட்டினார். "நேரத்த எப்படித் தப்ப விட்டீங்க?" "மறந்துட்டேம்மா" என்றாள் சித்தி. என் வேலைக்காகச் சொன்ன பொய். பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. என் தொண்டைக்கு ஒரு நோயும் இல்லை.

இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. ஞாயிறுதோறும் அவள் லயத்து வீட்டுக்குப் போகிறேன். "உங்கள மாதிரி பாத்துக்க ஆள் வேணும்" என்கிறார் சிஸ்டர். அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை. பன்னிரண்டேகாலுக்கு அதே போன் அடிக்கும். மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பேன். தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பிடித்து என்னைப் பார்ப்பாள். "எடை முடிஞ்சிருச்சாய்யா?" என்பாள். சிரிக்கப் பார்ப்பாள், கன்னம் பாதிதான் ஏறும். போன் கத்திக்கொண்டே இருக்கும். அதைத் தொட எனக்குக் கை வராது. அவள்தான் நிறுத்துவாள்.