முழங்காலில் நின்ற துரைமார்

போன வாரம் அப்புத்தளையில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரப் பயணிகளை இறக்கிவிட்டேன். வேன் ஓட்டுவதுதான் இப்போது என் பிழைப்பு. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்தை நடத்திய பெரிய துரை ஒருவரின் பங்களாவாக இருந்த இடம் அது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு கிறிஸ்மஸ் குடில். எல்லாம் கையால் மரத்தில் செதுக்கியது. வார்னிஷ் மணம் மூக்கைத் துளைத்தது. கொழுந்துக் கூடையோடு மாதா மண்டியிட்டிருந்தார். பின்னால் தொப்பி போட்ட துரை ஒருவர், மூன்று ராஜாக்களில் ஒருவராம், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சேகரித்து வைப்பவர்களுக்காக எண் போட்டுச் செய்ததாம். பயணி அம்மா ஒருத்தி ஆசையாக வாங்கிப் பஞ்சில் சுற்றிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மா மேல் கோபமில்லை, அவளுக்கு என்ன தெரியும்? உங்களிடம் சொன்னாலாவது ஆறுகிறதா பார்க்கிறேன்.

கொஸ்லந்தப் பக்கம் எங்கள் தோட்டத்துக் குடிலில் வார்னிஷ் மணந்ததில்லை. கான் மண் மணக்கும். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலைத்தான் கான் என்போம். அதில் படியும் களிமண்ணில் என் அக்கா செல்லமேரி, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் அடுப்புப் போட்டுக் கொடுப்பாள். அவள் போட்ட அடுப்பில் ஈர விறகும் எரியும் என்று பேர். எனக்கு அப்போது இருபது வயது. தேயிலை பெக்டரியில் புதிதாகச் சேர்ந்த திமிர். மண் சுமந்து தா என்றால், கௌரவம் என்னாவது என்று நழுவிவிடுவேன்.

அந்த வருடம் கோயில் கூரைத் தகரம் ஒழுகி, டவுனில் வாங்கிய குடில் சுரூபங்களெல்லாம் ஊறிப்போயின. தூக்கிப் பார்த்தால் சூசையப்பரின் மூக்கு கையோடு வந்துவிட்டது. கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் நேரே அக்காவிடம் வந்தார்.

"அடுப்புப் போடுற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையாம்மா?"

அக்கா ஒரு வாரத்தில் செய்து முடித்தாள். சூசையப்பர் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. மாதாவின் இடுப்பில், கொழுந்தெடுக்கும் பெண்கள் கட்டுகிற படங்குச் சாக்கு. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தொங்குமே சாக்குத் தொட்டில், அதில்தான் பாலன். தீவனத் தொட்டி எங்கே என்று கேட்டேன். "மாட்டுத் தொட்டியில எவடா புள்ளயப் போடுவா?" என்று என்னையே அதட்டினாள்.

சரி, ராஜாக்கள்? அக்கா ராஜாவை எங்கே கண்டாள்? தான் கண்ட பெரிய ஆட்களைச் செய்துவிட்டாள். அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை மேசுக் காலுறையும் போட்ட பெரிய துரை, பக்கத்தில் சின்ன துரை, குடையோடு எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. மூவரும் தொட்டிலுக்கு முன்னால் முழங்காலில்!

லயமே திரண்டு வந்தது. "கணக்கப்புள்ள மூக்கு அப்பிடியே இருக்குடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் அந்தச் சாக்குத் தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிரிப்பு கணக்கப்பிள்ளையின் காதுக்கும் போயிற்று. மறுநாளே உபதேசியார் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். அக்கா நாலு வருடமாகப் பேர் பதியாமலே கொழுந்தெடுத்தவள். வருகிற தை மாதம் பதிவதாகச் சொல்லியிருந்தார்கள். பேர் பதிந்தால்தான் நிரந்தர வேலை, லயத்தில் அவளுக்கென்று ஒரு காம்பரா.

"அந்த மூணையும் எடுத்துரும்மா. தையில பேர் பதியணுமா, வேணாமா?"

"கொழந்த முன்னாடிதானங்க முட்டி போட்டிருக்காங்க? அதுல என்னாங்க கொறச்சல்? நான் எடுக்க மாட்டேன்."

நீங்களே சொல்லுங்கள், என்ன குறைச்சல்? ஆண்டவர் முன் மண்டியிடுவது துரைக்கு அவமானமென்றால், ஞாயிறு தவறாமல் அதே தரையில் முட்டி தேய்ந்த நாங்களெல்லாம் யார்? அந்தக் கணக்கப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். நானோ பெக்டரிக்கு வேலைக்குப் போனேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் விடியற்காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே, மூன்று பொம்மைகளையும் துவாயில் சுற்றிக் கொண்டுபோய்க் கானில் போட்டேன். சுடாத மண், ஓடுகிற தண்ணீரில் எவ்வளவு நேரம் தாங்கும்? அக்காவின் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவளிடமே பெருமை வேறு. பெரிய வீரன்!

தை வந்தது. பேர் பதியவில்லை. "அவளுக்கு வாய்க்கொழுப்பு" என்றாராம் கணக்கப்பிள்ளை. உபதேசியார் தலை குனிந்துகொண்டார். அக்கா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். பஸ் ஏறும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவங்க ஒடச்சிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன்டா."

இப்போது எங்கள் கோயிலில் பிளாஸ்டிக் குடில்தான், சுற்றிலும் கலர் பல்பு மின்னுகிறது. லயத்தில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. அக்கா போட்ட அடுப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. கணக்கப்பிள்ளையும் செத்தார், உபதேசியாரும் செத்தார். ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது, திட்டுவதற்கு மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். அக்காவாவது திட்டலாம். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அதற்காகவே அவளுக்குப் போன் எடுக்கிறேன். "சாப்பிட்டியாடா?" என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். வைத்துவிடுகிறாள்.