எண்ணூறு மடங்கு ஸூம்

இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. கோடை முடிகிற சமயத்தில், சனிக்கிழமை காலைகளில், நல்ல வேலையில் இருக்கிறவர்களே தங்கள் வீட்டுப் பழைய சாமான்களை வாசல் புல்வெளியில் மேசை போட்டுப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் விலைச்சீட்டு ஒட்டி, பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி விற்கிறார்கள். கராஜ் சேல் என்று பெயர். செத்துப்போன அத்தையின் தொப்பி, மூடி இல்லாத டப்பா, மகன் பரிசு வாங்கிய கோப்பை, எல்லாம் வெயிலில் கிடக்கும். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. எங்கள் செம்மங்குப்பத்தில் ஒருவர் தன் வீட்டுப் பாத்திரங்களை வாசலில் பரப்பினால், அந்தக் குடும்பத்துக்கு என்ன வந்துவிட்டது என்று தெருவே வந்து விசாரிக்கும். நமக்கு வேண்டாததைப் பரணில் ஏற்றி மறைக்கத்தான் தெரியும். மிச்சிகனில் வீடுகளுக்குப் பரண் கிடையாது. நான் மறைக்க வேண்டியதைக் கீழ்த்தளத்து அலமாரியில் மறைத்து வைத்திருந்தேன்.

போன செப்டம்பரில் என் மனைவி வசந்தி, நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமே என்றாள். அலமாரியைக் காலி செய்தவள் பழைய ஸ்வெட்டர்களுக்கு அடியிலிருந்து ஒரு கேம்கார்டரை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "இதையும் வச்சிடலாமா?" என்றாள். எனக்குக் காதுமடல் சுட்டது. வை என்று சொல்லிவிட்டு, வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள் என்பதால் பேட்டரியை சார்ஜில் போட்டேன். உள்ளே டேப் இருந்தது எனக்குத் தெரியும். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆறு வருடமாக அந்த டேப் விஷயத்தில் எல்லாவற்றையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் விட்டிருக்கிறேன்.

அந்தக் கேமராவை 2005 டிசம்பரில் வாங்கினேன். தை மாதம் சிதம்பரத்தில் என் தங்கை செல்விக்குக் கல்யாணம். கடைக்குப் போவதற்கு முன் மூன்று வாரம் இணையத்தில் உட்கார்ந்து படித்தேன். எட்டு மாடல்களை வரிசைப்படுத்தி ஒரு அட்டவணையே போட்டேன். அலுவலகத்தில் பம்ப் வாங்க என்னென்ன செய்வேனோ அதெல்லாம் செய்தேன். ஸூம் எத்தனை மடங்கு, எத்தனை லக்ஸ் வெளிச்சம் போதும், திரை எத்தனை அங்குலம் என்று எண்களாகப் பார்த்து, பெரிய எண் உள்ளது நல்லது, லக்ஸில் மட்டும் சின்ன எண் உள்ளது நல்லது என்று தீர்மானித்தேன். நான் தேர்ந்தெடுத்ததில் ஸூம் எண்ணூறு மடங்கு, லக்ஸ் பூஜ்யம். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் என் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. "என்ன எடுக்கப் போகிறீர்கள்? வீட்டுக்குள்ளா, வெளியிலா?" என்று கேட்டார். அப்புறம், "நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடலூரில் எந்தக் கடைக்காரரும் என்னை இப்படி விசாரித்ததில்லை. "இதான் சார் இப்ப ஜாஸ்தி போவுது, கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போங்க" என்பார்கள், எடுத்துக்கொண்டு வருவோம். இந்த ஆள் நான் வாங்கக் கூடியவன்தானா என்று எடைபோடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாம் எடுப்பேன், எல்லா இடத்திலும் நிற்பேன்" என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் விடவில்லை. எண்ணூறு என்பது டிஜிட்டல் கணக்கு, லென்ஸ் உண்மையில் இருபது மடங்குதான் என்று ஆரம்பித்தார். "நான் என்ஜினீயர்" என்றேன். அவர் சிரித்து, தலையாட்டி, பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் கேட்டது மூன்றே கேள்வி, அதில் கடைசிக் கேள்வியை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது கேமரா வாங்கிப் போகும் அன்பர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் செய்கிற ஸூம்தான் ஸூம். அதற்கு மேல் டிஜிட்டல் செய்வது இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்குவது மட்டுமே, முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். பூஜ்யம் லக்ஸ் என்றால் இருட்டிலும் எடுக்கும் என்பது உண்மை, ஆனால் எல்லாரையும் பச்சையாக எடுக்கும். அமெரிக்கக் கேமரா இங்குள்ள மின்சாரத்தின் துடிப்புக்கும் டி.வி. முறைக்கும் செய்யப்பட்டது, நம் ஊர் டியூப்லைட்டுக்குக் கீழே படம் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மைக் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. லென்ஸ் எட்டிப் பார்க்கும், மைக் எட்டிக் கேட்காது. நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே நடப்பதைத்தான் கேட்கும்.

இதெல்லாம் தெரிந்த ஒருவன் எங்கள் குடும்பத்திலேயே இருந்தான். சித்தப்பா மகன் இளங்கோ. என்னைவிட ஆறு மாதம் இளையவன், ஒன்றாக வளர்ந்தவன், சிதம்பரத்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவன். செல்வி கல்யாணத்துக்கு நான்தான் எடுப்பேன், அது என் சீர் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தான். நான் ஊர் வந்த மறுநாள் அவனைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போய், படகில் உட்கார்ந்து, தூரத்தில் அலையாத்திக் கிளையில் நின்ற கொக்கைப் பக்கத்தில் இழுத்துக் காட்டினேன். அதன் கண்கூடத் தெரிந்தது. "எப்புடி?" என்றேன். அவன் திரையைக் கையால் மறைத்து நிழல் கட்டிப் பார்த்துவிட்டு, "வெயில்ல எது எடுத்தாலும் நல்லாத்தான் வரும் சேகரு. மண்டபத்துக்குள்ள எடுத்துப் பாரு" என்றான். பொறாமை என்று நினைத்தேன். எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில், உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில், இளங்கோ தன் பையிலிருந்து ஹாலஜன் விளக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "அந்த லைட்டெல்லாம் வேணாம் இளங்கோ, என் கேமராவுக்கு ஜீரோ லக்ஸே போதும். நீ நாளைக்கு வேல செய்யாத, சொந்தக்காரனா வந்து நில்லு" என்றேன். பெருந்தன்மையாகச் சொல்வதாகத்தான் எனக்கு எண்ணம். அவன் விளக்கைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தான். "சரிப்பா. நீ சொன்னா சரி" என்றான். சித்தப்பா எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலை மண்டபத்தில் நான் பின்கோடியில், சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றேன். எண்ணூறு மடங்கு வைத்திருப்பவன் முன்னால் போய் இடிபடுவானா? மேடைக்குப் பின்னால் சீரியல் விளக்குகள் எரிந்தன, அதனால் முகங்கள் எல்லாம் கருத்துத் தெரிந்தன. பொத்தானை அழுத்தி இரவு முறைக்கு மாற்றினேன். என் தங்கை பச்சையானாள். திரும்ப மாற்றினேன், கருத்தாள். இப்படியே மாற்றி மாற்றித் தாலி கட்டியதையும் எடுத்தேன். அடுத்தது பொரியிடல். எங்கள் பக்கத்தில் பெண்ணின் உடன்பிறந்தவன்தான் அவள் ஏந்திய கைகளில் பொரியைப் போட வேண்டும், அவளும் மாப்பிள்ளையும் அதை அக்கினியில் இடுவார்கள். அது ஒருத்தருக்கு விட்டுக்கொடுக்கிற காரியம் இல்லை. அதற்காகத்தான் டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்தேன்.

ஐயர், "பொண்ணோட அண்ணன் எங்க?" என்றார். அம்மா எழுந்து கூட்டத்துக்கு மேலாகக் கையை வீசினாள். நான் அப்போதுதான் செல்வியின் முகத்துக்கு ஸூம் போய்க்கொண்டிருந்தேன். கையைத் தூக்கி, "இரு, இரு, ஒரு நிமிஷம்" என்றேன். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி அதையே சொன்னேன். நேரம் போகிறது என்றார் ஐயர். முன்வரிசையில் செய்ய வேலை எதுவும் இல்லாமல் கைகட்டி நின்ற இளங்கோவை அப்பா பார்த்தார். "நீ வாடா" என்றார். அவன் ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு செருப்பில்லாத காலோடு மேடை ஏறிப் பொரியை அள்ளினான். வீடியோ எடுக்க வந்தவன் அண்ணனாக நின்றான். அண்ணனாக நிற்க வந்தவன் நாற்காலிமேல் நின்று வீடியோ எடுத்தேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அப்பா பக்கத்தில் வந்தார். திட்டவில்லை. "கேமராவ மட்டும் பார்சல்ல அனுப்பியிருக்கலாமேடா. நீ எதுக்கு அம்மாந்தூரத்திலேருந்து வந்த?" என்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சிகனுக்குத் திரும்பி டேப்பைப் போட்டுப் பார்த்தேன். கண் சிமிட்டும் மண்டபம், கருத்த முகங்கள், பச்சை முகங்கள். மேளத்துக்கு மேலாகப் பின்னாலிருந்து "சாம்பார், சாம்பார்" என்று பந்திக்காரர்களின் குரல். பொரியிடலில் செல்வியின் முகம் திரை முழுக்கக் கட்டங்களாக உடைந்திருந்தது, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரிந்தது. கையை ஏந்திக்கொண்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி முழுவதிலும் தெளிவாகக் கேட்கிற மனிதக் குரல் ஒன்றே ஒன்று. "இரு, இரு, ஒரு நிமிஷம்." கடைசிவரை பார்த்தேன். திருப்பிச் சுற்றாமல், கல்யாணம் முடிந்த இடத்திலேயே டேப்பை விட்டுவிட்டேன். செல்வி போனில் கேட்டபோது, ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் டேப் அழிந்துவிட்டது என்றேன். "போனாப் போவுது விடுண்ணே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊர் போனேன். அவள் வீட்டில் கல்யாண போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. அதற்கு எதிரில் உட்காராமல் பார்த்துக்கொள்வேன்.

கராஜ் சேல் அன்று பக்கத்து வீட்டு ரான் வந்தார். ஓய்வு பெற்ற தச்சர், எதையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கேமராவை எடுத்து, "இதில் என்ன கோளாறு?" என்று கேட்டார். "கோளாறு கேமராவில் இல்லை" என்றேன். விற்பதற்காகச் சொல்கிற வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். திரையைத் திறந்து, "சரி, எங்கே நிற்கப் போகிறாய்? அந்த மேப்பிள் மரத்தடியில் நில்" என்றார். கால் தன்னால் போய் நின்றது. காலைக் குளிருக்குப் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டரோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டேப் சுற்றுகிற சின்னச் சத்தம் கேட்டது. "ஏதாவது பேசு" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நிறுத்துங்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்" என்றேன். "கேமரா முன்னால் கூச்சமா?" என்று கண்ணடித்தார் ரான். கூச்சம் வேறு, வெட்கக்கேடு வேறு என்று அவருக்கு எப்படி விளக்குவது? அந்தக் கேமரா வாங்கிய நாளிலிருந்து நான் அதற்கு முன்னால் நின்றது அன்றுதான். சாமானை விற்கவில்லை என்று சொல்லி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே இளங்கோவைக் கூப்பிட்டேன். செல்வி கல்யாண டேப் இருக்கிறது, அனுப்பினால் அங்கே டி.வி.டி.யாக மாற்றிக் கொடுக்க முடியுமா என்றேன். "அது அழிஞ்சி போச்சுன்னியே" என்றான்.

"அழியல. பொய் சொன்னேன்."

"தெரியும் போ. எக்ஸ்ரேயில டேப்பு அழியாது. இந்தத் தொழில்ல கெடக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் செல்விகிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்றது? உங்கண்ணன் பொய் சொல்றான்னா?" என்றவன், "அனுப்பு. லைட்டு ஏத்திக் குடுக்கறேன். வந்த வரைக்கும் வரட்டும்" என்றான்.

வெட்டாமல் எல்லாவற்றையும் போடச் சொன்னேன். என் குரலையும் எடுக்க வேண்டாம் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து டி.வி.டி.யை அவனே செல்வி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

செல்வி அழைத்தபோது நான் அலுவலகத்து வாகன நிறுத்தத்தில் இருந்தேன். டேப் எப்படிக் கிடைத்தது என்று கேட்பாள், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "ஒண்ணும் சரியாத் தெரியலண்ணே, பாதி பச்சையா இருக்குது" என்றாள். "ஆனா உங் கொரலு மட்டும் நல்லா கேக்குது." பின்னால் அவளுடைய மகள் எதையோ கேட்டு நச்சரிக்கும் சத்தம் வந்தது.

"கடைசியில மரத்தடியில நீ நிக்கிறியே, அதப் பார்த்துட்டு இவ, யாரும்மா இதுன்னா. அமெரிக்கா மாமாடின்னேன். எல்லாரும் பட்டும் வேட்டியுமா இருக்காங்களே, மாமா மட்டும் ஏன் ஸ்வெட்டர் போட்டுக்கினு வந்தாரு, ஏன் எல்லாரும் போன பொறவு வந்தாருன்னு கேக்கறா. நான் என்னான்னு சொல்லட்டும்ண்ணே?"

"இரு, இரு, ஒரு நிமிஷம்" என்றேன்.