கட்டுப் பல்லும் கெண்டை முள்ளும்

நாற்பது வயது ஆகுமுன்பே என் புருசனுக்குப் பல்லெல்லாம் ஆடிப்போயிற்று. ஈறு சீழ் கட்டி, அவர் வாய் திறந்தால் பக்கத்தில் இருக்க ஏலாது. பட்டணத்துப் பல்லு டாக்குத்தர் மேலும் கீழும் ஒன்று விடாமல் பிடுங்கி எடுத்தார். ஈறு ஆறும்வரை கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு. சொந்தத் தாயின் வீடென்றால் அந்த மனிதர் கேட்டு வாங்கிக் குடித்திருப்பார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் இருப்பான். வீடும் வயலும் பெண்ணின் சீதனம். மாமியார் சமைத்துப் போடும் வீட்டில் நோயாளிபோலக் கஞ்சி குடிப்பது அவருக்குச் சாகிற வெட்கம்.

ஒருவழியாகப் பல் கட்டியாயிற்று. மாட்டிவிடும்போது நானும் பக்கத்தில் நின்றேன். "கொஞ்சக் காலத்துக்கு மெத்தென்ற சாப்பாடுதான். சின்னச் சின்னதாப் பிச்சு, ரெண்டு பக்கமும் வச்சு மெல்லுங்க. முள்ளு மீன் மட்டும் கூடாது. அண்ணத்தைத் தகடு மூடியிருக்கு, முள்ளு கிடக்கிறது உங்களுக்குத் தெரியாது" என்று டாக்குத்தர் தெளிவாகத்தான் சொன்னார்.

வாவிக்கரையில் பிறந்தவர்கள் மீன் தின்னும்போது விரலால் முள் பார்ப்பதில்லை. சோறும் மீனுமாக வாயில் போட்டால், நாக்கும் அண்ணமும் சேர்ந்து முள்ளைப் பிரித்து உதட்டோரம் தள்ளிவிடும். அவரும் சிறு வயதிலிருந்து அப்படித் தின்றவர்தான். டாக்குத்தர் சொன்னது எனக்கு விளங்கிற்று. அவருக்கும் விளங்கிற்று, விளங்காமல் என்ன!

வீட்டில் அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். பிட்டுத் தின்றால் மாவு தகட்டுக்குக் கீழே போய் ஈற்றை அறுக்கும். சூடு தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். "வாய்க்குள்ள பலகை வச்ச மாதிரிக் கிடக்கு, உப்பும் தெரியல்ல புளியும் தெரியல்ல" என்பார். வெற்றிலையை உரலில் இடித்துக் கொடுத்தேன். கிழவன் மாதிரி இருக்கென்று துப்பிவிட்டார். அம்மா பாவம், சுறாவை அவித்து உதிர்த்து வறை செய்து, "மருமகன், இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று நிற்பாள். "போதும் மாமி" என்று எழுந்துபோய், கிணற்றடியில் பல்லைக் கழற்றிக் கழுவுவார். கண்ணில் நீர் நிற்கும்.

"கழட்டி வச்சிட்டுத் தின்னுங்களன்" என்றேன்.

"பேசாம இரி புள்ள. உன்ர அண்ணன் பாத்தாச் சிரிப்பான்."

அறுவடை வந்தது. எங்கள் வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். நெற்கதிரைச் சூடு அடிக்கிற களத்தில் பெண்கள் கால் வைப்பதில்லை. அதனால் குழையக் காய்ச்சிய சோற்றையும் சுறா வறையையும் கட்டி அண்ணன் கையில் கொடுத்தேன்.

"முள்ளு மீன் கூடாதெண்டு டாக்குத்தர் சொல்லியிரிக்கார். இதத்தான் அவர் தின்னவேணும்" என்றேன்.

"ஓம் கா, நான் பாத்துக்கொள்றன்" என்றான்.

நன்றாகத்தான் பார்த்தான்! மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்க்காலில் பிடித்த கெண்டை, புளி விட்டுக் காய்ச்சிய குழம்பு. இவர் என் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்திருக்கிறார். "என்ன மச்சான், அந்தப் பல்லு பாக்கிறதுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டது வேறு யாருமல்ல, என் கூடப்பிறந்தவன். களமே சிரித்ததாம். இவர் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, கெண்டையை எடுத்துச் சோற்றோடு வாயில் போட்டிருக்கிறார். நாசமாய்ப் போன வெட்கம்!

முள் தொண்டையில் நின்றுவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. தூற்றிய நெல்லைப் பொலியாகக் குவித்து அளந்து முடியும்வரை களத்தில் ஒருவரும் கெட்ட வார்த்தை பேசக்கூடாது. "இல்லை" என்றோ "போச்சு" என்றோ வாயால் வரக்கூடாது, ஐயோ என்று கத்தவும் கூடாது; நெல் குறைந்துபோகும் என்பார்கள். அதுவும் பெண்ணின் வயலில் மருமகன் வாய்விட்டுப் பொலி குறைந்தது என்ற பேச்சு ஊரில் எழுந்தால் அவர் தாங்குவாரா? அன்று பின்னேரம் முழுக்கத் தூற்றினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். மறுநாள் காலை கடைசி மரைக்கால் அளந்து முடிந்த பிறகுதான் அண்ணனின் கையைப் பிடித்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்.

பிறகாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்களா? சோற்றை உருட்டி உருட்டி விழுங்கச் சொன்னார்கள். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொன்னார்கள். முள் இறங்கவில்லை, இன்னும் ஆழமாகக் குத்திற்று.

தோணி துறைக்கு வந்தபோது கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கியிருந்தன. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் கழுத்தில் வெட்டிச் சீழ் எடுத்தார்கள். "என்னத்துக்குப் பேசாம இருந்தீங்க? ஒருத்தரிட்டயாவது சொல்லியிருக்கலாமே!" என்று நான் அழுதேன். அவரால் பேச முடியவில்லை. அண்ணன்தான் சொன்னான்: "களத்துல எப்பிடிகா சொல்ற?" அவர் அவனைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினார். செத்துக்கொண்டிருக்கிற மனிதர், என் பக்கம் நிற்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். வெள்ளிக்கிழமை விடியுமுன் அவர் போய்விட்டார்.

அந்தப் போகம் வட்டையில் உள்ள எல்லா வயலிலும் எங்கள் வயல்தான் நன்றாக விளைந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. முப்பத்தோராம் நாள் படையலுக்கு அம்மா அந்தப் புதுநெல்லைத்தான் குற்றி உலையில் போட்டாள். அவருக்குப் படைத்த பிறகு எனக்கும் ஒரு கோப்பையில் வைத்தாள். எறியத்தான் கையில் எடுத்தேன். வயிற்றில் பிள்ளை இருந்தது, பசித்தது. எல்லாவற்றையும் தின்றேன்.