எரியாத இடம்

மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். முதுகில் இரண்டு இடம் எரிந்தது. மூன்றாவது எரியவில்லை. அது எரியாததால்தான் என்னைத் துரத்தினார்கள்.

எஸ்டேட்டில் இரண்டு வருடம் காப்பிச் செடி கவாத்து வெட்டினேன். முதுகெல்லாம் சிவந்த திட்டுகள், ஓயாத அரிப்பு. குஷ்டம் என்று, கூலியாட்கள் தங்கும் லைன் வீட்டில் என் தட்டை ஒதுக்கினார்கள். சேலத்தில் ஒரு டாக்டர் தோலைக் கொஞ்சம் வெட்டிச் சோதித்துவிட்டு, இது வெள்ளணுக்களில் வரும் தோல் புற்று என்றார்.

"வெள்ளணுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். சேதின்னா ஒரு புரதம். கிருமி வந்தா அனுப்பணும். உங்களுக்கு அணு கெட்டுப்போய், கிருமியே இல்லாம அனுப்பிக்கிட்டே இருக்குது. அதுலதான் அரிப்பு. எதிர்த்து நிக்க வேண்டிய நல்ல அணுவையும் அதே சேதி மழுக்கிடுது."

"ஒட்டுங்களா?"

"ஒட்டாது. குஷ்டம்னா உணர்ச்சி போயிடும். உங்களுக்குப் போகல, பாருங்க" என்று குண்டூசியால் குத்தினார். துள்ளினேன்.

அந்தக் குண்டூசியை நம்பித் திரும்ப மலையேறியது என் தப்பு. மேஸ்திரியிடம் நானே சொன்னேன்: "குத்திப் பாருங்க. வலிச்சா குஷ்டம் இல்லீங்க. வேலையில இருக்க உடுங்க."

அவர் குண்டூசி தேடவில்லை. கவாத்துக் கத்தியின் நுனியை அடுப்பில் காய்ச்சினார். லைனே கூடியது. முதல் திட்டில் வைத்ததும் அலறினேன். இரண்டாவதிலும் அலறினேன்.

"நொம்ப நல்லாக் கத்துறான். இன்னொண்ணு வையுங்க மேஸ்திரி" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

மூன்றாவது திட்டு இடுப்புக்கு மேலே. போன வருடம் அரிப்புத் தாங்காமல் அதில் சேங்கொட்டை எண்ணெய் தடவி வெந்துபோய், தழும்பு தடித்திருந்தது. பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். கருகல் நாற்றம் வந்த பிறகுதான் அவர் வைத்துவிட்டார் என்று தெரிந்தது.

சிரிப்பு நின்றது.

"அது சேங்கொட்டைத் தழும்புங்க. அதான் மரத்துப் போச்சு" என்றேன்.

"போடா. ஊட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

என் பாயை என் முன்னாலேயே கொளுத்தினார்கள். இரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவன் கோலால் என்னை வாசலுக்குத் தள்ளினான்.

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் சாய முடியாது. நடந்தே அடிவாரம் சேர்ந்தேன்.

மறுநாள் காலை சேலம் போகும் வழியில் வெள்ளைக்கல் வெட்டும் குழிக்கு ஆள் எடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தலைமுதல் கால்வரை தூசியில் வெளுத்திருந்தார்கள். யார் தோல் எப்படி என்று தெரியவில்லை.

"ஒடம்புல சீக்கு ஏதாச்சும் இருக்குதா?" என்றார் மேற்பார்வைக்காரர்.

"இல்லீங்க" என்றேன். சுத்தியலைக் கொடுத்தார். கல் உடைக்க உட்கார்ந்தேன்.