ஃபேக்டரி பஸ்ஸுக்குப் பட்டுச்சேலை

ஜெலுத்தோங்கில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியில் வாரம் ஒரு பாடவேளையைத் திரைப்படக் கல்விக்கு ஒதுக்கியபோது, அதை என் தலையில் கட்டினார்கள். "நீங்கதான் ஒரு படம் விடாம பாப்பீங்களே டீச்சர், நீங்களே எடுங்க லா," என்றார் தலைமையாசிரியை. படம் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்பதைத் தவிர அந்தத் துறையில் எனக்கு வேறு பயிற்சி கிடையாது. ஆனாலும் மறுநாளே கழுத்தில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நிபந்தனை இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் மாணவர் எடுத்த படம் ஒன்றைக் காட்ட வேண்டும். அது எடுபடாவிட்டால் அந்த வேளை பழையபடி கணக்குக்கே போய்விடும். பிள்ளைகளின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ புதிதாகக் கிடைத்த பவுசு போய்விடுமே என்ற கவலை.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் அம்மா விடியற்காலையில், ஜுருவில் இருக்கும் ஃபேக்டரிக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைக் கைப்பேசியில் எடுத்து வந்தாள். பார்த்ததும் பதறிப்போனேன். தூக்கம் கலையாத முகம், கசங்கிய சீருடை. ஊரே பார்க்கப்போகிற படமாயிற்றே! அந்த அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, பட்டுச்சேலை கட்டவைத்து, மல்லிகைப்பூ சூட்டி, அதே பஸ் நிறுத்தத்தில் கேமராவைப் பார்த்துக் கும்பிடச் சொல்லி நானே எடுத்தேன். நம் விசேஷ வீட்டுப் படமெல்லாம் அப்படித்தானே இருக்கும்? தொடக்கத்தில் தலைமையாசிரியையின் புகைப்படம், பெற்றோர் சங்கத் தலைவரின் புகைப்படம், நன்றியுரை, பின்னணியில் நாதஸ்வரம். மாணவி வாயே திறக்கவில்லை. பிடித்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் அதைப் போட்டேன். "அக்கா வேலைக்குப் போறாங்களா, கல்யாணத்துக்குப் போறாங்களா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. மாணவி தலைகுனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடமும் போச்சு, மானமும் போச்சு. மடிக்கணினியை நிறுத்தத் தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோதே, அடுத்திருந்த படம் தானாக ஓடத் தொடங்கியது. அது அந்த மாணவி கைப்பேசியில் எடுத்தது.

சீருடையில் அம்மா. பஸ் வரும் பக்கம் பார்க்கிறார், கொட்டாவி விடுகிறார். பிறகு படம் எடுக்கும் மகளிடம், "போம்மா, போய் இன்னும் கொஞ்சம் தூங்கு," என்கிறார். பஸ் வருகிறது, ஏறிப் போகிறார்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அந்த அம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார். தலைமையாசிரியை மைக்கை வாங்கி, "கெட்ட படம் எது, நல்ல படம் எதுன்னு டீச்சர் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிட்டாங்க. இந்தப் பாடம் கண்டிப்பா இருக்கும்!" என்றார். கைதட்டல் எழுந்தது. வெட்கமே இல்லாமல் எழுந்து நின்று தலையாட்டினேன்.

மாணவி என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த படத்தையும் நீங்களே மொதல்ல கெடுத்துக் குடுத்துடுங்க டீச்சர். அப்பதான் நான் எடுக்கிறது நல்லாத் தெரியும்."