பிரிட்ஜில் பாலுக்கு இடமில்லை

சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிற ஆண்கள் இரண்டு விஷயத்துக்காக வருகிறார்கள். அதில் ஒன்று அருவி. என் வீட்டுக்காரர் தென்காசிக்காரர், வருஷம் முழுக்க அருவி பார்க்கிறவர் என்பதால் அவருக்கு இரண்டாவது மட்டும் போதும். கூட்டாளிகளோடு சேர்ந்து பழைய குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். என்னையும், நாலு மாசப் பிள்ளையையும், அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார். அத்தை என்றால் அவருடைய அம்மா. குடும்பத்தோடு போகிறோம் என்று சொன்னால்தானே சமைக்க ஆள் கிடைக்கும்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது எப்போதாவது ஒரு பீர் அடித்தவள் நான். அதற்குப் பிறகு கல்யாணம், கர்ப்பம், பத்தியச் சோறு. அதனால் போவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் எனக்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

"குடிக்காம இருக்கதுதான் நல்லது. நீங்க குடிக்கது பால்லயும் வரும்," என்றார் டாக்டரம்மா. "மீறிக் குடிச்சா, பிள்ளைக்குக் குடுத்துட்டு ஒரே ஒரு கிளாஸ். அப்புறம் ரெண்டு மணி நேரமாவது தாண்டாமக் குடுக்காதீங்க. பீச்சிக் கொட்டிட்டா சரியாயிரும்னும் நினைக்காதீங்க. முன்னாலயே பால் எடுத்து வச்சுக்கிடுங்க."

செமஸ்டருக்குக்கூட நான் இப்படித் தயாரானதில்லை. காலையிலேயே பால் எடுத்து, பாட்டிலில் ஊற்றி, பிரிட்ஜில் வைத்தேன். மதியம் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்துத் தூங்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு கிளாஸ். சுமாராகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னறையில் ஆண்கள் போட்ட சத்தத்தில் பிள்ளை முழித்து, பாலுக்கு வீலென்று அலறினான். அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஏட்டி, என்ன வாடை இது?"

"பீரு அத்தை. ஒரு கிளாஸ்."

பொய் சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. "பச்சப் பிள்ளைக்குப் பால் குடுக்கவ செய்யுத வேலையாட்டி இது?"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார். "ஏம்மா, படிச்ச பிள்ளதான நீ? ஒரு கண்ட்ரோல் வேண்டாமா?" கண்ட்ரோல் என்ற சொல் முழுசாக வெளியே வர இரண்டு முயற்சி ஆனது.

"நான் இப்பக் குடுக்கப் போறதில்ல. எடுத்து வச்ச பால் இருக்கு," என்று சொல்லிப் பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே மேலிருந்து கீழ்வரை பீர் பாட்டில்கள் படுத்திருந்தன. என் பால் பாட்டில் அடுப்பு மேடையில், மிக்சர் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"நீங்களா எடுத்தீங்க?"

"பீரு கூலிங் ஆவலம்மா. காலைலயே எடுத்து வச்சிட்டேன். பால்தான, என்ன ஆயிரப் போவுது?"

"எடுபட்ட பயலே!" என்றார் அத்தை.

பால் பாட்டிலைத் திறந்தால் புளிச்ச வாடை. கொட்டினேன். பிள்ளை அலற அலற எனக்குப் பால் தானாகச் சுரந்து நைட்டி நனைந்தது. ஆனால் கொடுக்க முடியாது. பால் பவுடர் வாங்கி வருகிறேன் என்று வண்டிச் சாவியைத் தேடிய வீட்டுக்காரரை அத்தை ஒரே முறைப்பில் உட்கார வைத்தார்.

அப்போதுதான் அத்தைக்கு ஒரு வைத்தியம் தோன்றியது. பையிலிருந்து அரிஷ்ட பாட்டிலை எடுத்தார். செங்கோட்டை வைத்தியசாலையில் வாங்கி, நான் பிள்ளை பெற்றதிலிருந்து காலையும் மாலையும் எனக்குப் புகட்டுகிற மருந்து. நான் குடித்த கையோடு பிள்ளையையும் என் மடியில் போடுவார்.

"ரெண்டு மூடி குடி. அந்தக் கருமம் எல்லாம் அத்துப் போவும். பாலு சுத்தமாயிரும்."

வாய்ப் பக்கம் கொண்டுபோனவள் நிறுத்தினேன். ஒரு கிளாஸ் பீர் குடித்த மூக்குக்கு அன்றைக்குத்தான் அந்த வாடை உறைத்தது. மூடியை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "இந்த சப்ஜெக்ட்ல நம்ம வீட்ல நீங்கதான் கோல்டு மெடல். குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஒரே மடக்கு. சப்புக் கொட்டினார். முகம் மலர்ந்தது. "ஏ, ஒயினு மாதிரில்லா இருக்கு! லேசா ஏறுது. எங்கனம்மா வாங்குன?"

"மருந்துலே அது!"

"மருந்துதான் அத்தை," என்றேன். "புளிக்க வச்சுத்தான அரிஷ்டம் போடுதாவ? புளிச்சா சாராயச் சத்து வரத்தான செய்யும்."

அத்தை பாட்டிலைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை ஏசவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டு வராந்தாவில் நடந்தார். நான் போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா சொன்ன நேரம் கழிந்து, பயத்தில் இன்னும் கொஞ்ச நேரமும் விட்டுத்தான் மடியில் வாங்கினேன். அழுது தொண்டை கட்டியிருந்தவன் கோபமாகக் கவ்விக் குடித்தான். முன்னறையில் ஒரு குரல், "தாய்மைன்னா என்னன்னு தெரியுமாலே மாப்ளே?" என்று உருகிக்கொண்டிருந்தது.

அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஏம்மா, இத்தன நாளும் நான் குடுத்ததுல பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?"

நக்கலடிக்க என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் பிள்ளையின் பாதத்தைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"தெரியல அத்தை. திங்கக்கிழம டாக்டரம்மாட்ட ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

"நானுமா? ஏசுவாவளோ?"

"ஏசத்தான் செய்வாவ. முதல்ல எனக்குத்தான் விழும். நீங்க எனக்குப் பின்னால நில்லுங்க."